பூச்சியம் வைத்த தண்ணீர்

எங்கள் துறையின் ஓய்வுபெற்றோர் மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தருமாறு கேட்டு, இளைய அலுவலர் இருவர் அருப்புக்கோட்டையில் என் வீடு தேடி வந்தனர். கேட்டதோடு அவர்கள் நின்றிருந்தால், கண்மாய் மீன்வளர்ப்பின் அருமை பெருமைகளைப் பற்றி யாருக்கும் தீங்கில்லாமல் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருப்பேன். அவர்களில் ஒருவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சார், குளத்துத் தண்ணிய நாக்குல தொட்டே உப்பு எவ்வளவுன்னு சொல்லிருவீங்களாமே? இப்ப மிதக்குற மெஷினு வந்துருச்சு சார். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா போனுக்கே கணக்கு வந்துருது. ஒங்க காலத்துல நாக்குதானாமே?" என்றார்.

மற்றவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரில் இருந்த என் பட்டமளிப்புப் புகைப்படத்தைப் பார்த்தார். துறையில் எனக்கு 'நாக்கு சார்' என்று ஒரு பெயர் உலவுவது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மீன்வள அறிவியலில் முறையாகப் பட்டம் பெற்றவன் நான். கருவியின்றி ஓர் அளவைக்கூட நான் பதிவு செய்ததில்லை. ஆகவே மலருக்கான இக்கட்டுரையை அந்தப் பெயருக்கான மறுப்பாகவும் கொள்ளலாம். மறுப்பு என்றால் முழு உண்மையையும் எழுத வேண்டியிருக்கிறது என்பது மட்டுமே இதில் உள்ள சங்கடம்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊர் ஒன்றில் நான்கு ஆண்டுகள் கடலைப் படித்தேன். படித்து முடித்ததும் அரசு என்னைக் கடலே இல்லாத இடங்களாகப் பார்த்து அனுப்பியது. பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக்கு ஆய்வாளராக வந்தேன். நான் பஸ்ஸில் ஏறினால் நடத்துநர், "மீன் ஆபீசர் வந்துட்டாக, கண்மாயில தண்ணி வந்துருச்சான்னு கேளுங்கப்பா" என்பார். வருடத்தில் பத்து மாதம் மீனைக் கருவாடாக மட்டுமே கண்ட நாட்டில் மீன்வள அலுவலனாக இருப்பது, பள்ளிக்கூடம் இல்லாத ஊரில் தலைமையாசிரியராக இருப்பது போன்றது. மரியாதை உண்டு, வேலை இல்லை.

வேலை வந்தது கருப்பசாமியால். நரிக்குடிக்கும் வீரசோழனுக்கும் இடையில் ஒரு சிற்றூர்க்காரர். அவருடைய தகப்பனார் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கருப்பசாமி லாரி ஓட்டினார். கடற்கரைப் பண்ணைகளுக்கு இறால் தீவன மூட்டை இறக்கி இறக்கி, மூட்டைக்கு அப்பால் நடப்பதையும் பார்த்து வைத்துக்கொண்டார். அவருக்கென்று வாய்த்த நிலம் ஒன்றரை ஏக்கர். அதில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வந்தது. வேறிடத்தில் ஆழமாகப் போட்டார். அதைவிட உப்பு வந்தது. ஊர் சிரித்தது. அவர் அந்த உப்பிலேயே குளம் வெட்டி, தார்ப்பாய் விரித்து, இறால் குஞ்சு விட்டுவிட்டார். முறையாக விண்ணப்பித்துப் பதிவும் பெற்றார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீரை ஆய்ந்து அறிக்கை அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது.

என் செய்முறையை இங்கே குறித்தாக வேண்டும். உப்புமானி என்பது ஒரு சாண் நீளக் குழல். முனையில் சாய்ந்த கண்ணாடி. அதில் இரண்டு சொட்டு நீரை விட்டு மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஓர் எண்ணில் நிற்கும். அந்த எண் ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்பது. ஆனால் அளப்பதற்கு முன் உப்பே இல்லாத வடிநீரை விட்டு, கோடு பூச்சியத்தில் நிற்கும்படி ஒரு திருகைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். பலர் இதை மாதம் ஒருமுறை செய்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் செய்வேன். நேற்று வைத்த பூச்சியம் நேற்றைய பூச்சியம் என்பது என் கொள்கை. இக்கொள்கையைப் பற்றி இளையவர்களிடம் நான் சற்றுப் பெருமையாகவே பேசியிருக்கிறேன். அந்தப் பெருமைதான் பின்னால் வம்பை இழுத்து வந்தது.

அந்தக் குளத்தின் உப்பு ஆயிரத்துக்கு எட்டு. கடலில் முப்பத்தைந்து வரை இருக்கும். இந்த இறால் எட்டிலும் வாழும், முப்பத்தைந்திலும் வாழும். எட்டா முப்பத்தைந்தா என்று அது கவலைப்படுவதில்லை. எட்டு திடீரென்று நான்கு ஆவதோ பன்னிரண்டு ஆவதோதான் அதற்கு ஆகாது. நம்மைப்போல் ஒருமுறை வந்த நோயை அடையாளம் வைத்துக்கொள்ளும் வகை அதன் உடம்பில் இல்லை. இரத்தத்தில் மிதந்து வரும் சில அணுக்களே அதன் காவல். வெளியே உப்பு மாறினால் உள்ளே உப்பைச் சமன்செய்வதற்கே அதன் சக்தியெல்லாம் செலவாகிவிடும். தணிக்கைக்கு ஆள் வந்தால் அலுவலகத்தில் மற்ற வேலைகள் நின்றுவிடுவதைப்போல, காவலுக்கு ஆள் இருக்காது. அதுவரை குளத்தில் சும்மா கிடந்த கிருமி அப்போது எழுந்து வரும்.

ஆகவே மழை வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி, கருப்பசாமிக்குக் கிலி. மழைநீர் விழுந்தால் உப்பு இறங்கும். நரிக்குடி டீக்கடையில் அவரைக் கண்டால் விடமாட்டார்கள்.

"ஏலே கருப்பா, மழை வேணாமுன்னு அய்யனாருக்கு மனுப் போட்டியாமே?"

"வேணாமுன்னு சொல்லலடா. கொஞ்சம் தள்ளிப் பேய்யச் சொன்னேன்."

"எங்க, ராமநாதபுரத்துலயா?"

"உன் வயக்காட்டுல மட்டும் பேஞ்சாப் போதும். இங்கிட்டு வேணாம்."

அவருடைய மனைவி முத்துலட்சுமிதான் உண்மையில் பண்ணையை நடத்தியவர். தீவனம் போடுவது, வலைத்தட்டைத் தூக்கி இறால் தின்றிருக்கிறதா என்று பார்ப்பது, குளத்து நீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்களை ஓட்டுவது எல்லாம் அவர். அந்தப் பகுதிப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம் அவருக்கும் இருந்தது. ஊரில் நான்கு தண்ணீர். குடிக்க ஒன்று, சோறு பொங்க ஒன்று, துவைக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று. பருப்பு வேக வேண்டுமென்றால் மட்டும் மழைத் தண்ணீர். மற்ற எதிலும் பருப்பு விதை விதையாக நிற்கும். எந்தக் குடத்தில் எந்தத் தண்ணீர் என்று அவர்கள் பார்ப்பதில்லை. விரலை நனைத்து நாக்கில் வைப்பார்கள், தீர்ந்தது.

இனி என் மேலதிகாரி. பெயர் வேண்டாம், உதவி இயக்குநர் என்றால் போதும். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியறியாதவர். கோப்பைப் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார். குடிக்கும் தண்ணீரை வீட்டிலிருந்து வெள்ளிக் கூஜாவில் கொண்டு வருவார். அவர் நேசித்தது ஒரு சொல்லை மட்டுமே: சராசரி. காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு, மேலே இவ்வளவு, அடியில் இவ்வளவு என்று நான் எழுதிச் சென்றால், சிவப்பு மையால் நான்கையும் ஒரு வளையத்துக்குள் அடைத்து, "படிவத்தில் கட்டம் ஒன்றுதானே இருக்கிறது? சராசரியைப் போடுங்கள்" என்பார். ஒரு கால் நெருப்பிலும் ஒரு கால் பனிக்கட்டியிலும் நிற்பவன் அவருடைய அறிக்கையில் இதமாக இருப்பான்.

வடிநீர்ப் புட்டி தீர்ந்தபோது அவருக்கே தேவைப்பட்டியல் அனுப்பினேன். "சாதாரண நீரைப் பயன்படுத்த இயலாமைக்கான காரணம் தெரிவிக்கப்படவில்லை" என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. காரணம் எழுதி மீண்டும் அனுப்பினேன். அந்தப் பதிலுக்குக் காத்திருந்த நாள்களில்தான் மழை பெய்தது.

பெருமழை இல்லை. ஒரு மாலை முழுவதும் நிதானமாகப் பெய்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அமாவாசையை ஒட்டிய நாள். இறால் சட்டை உரிக்கும் சமயம். புது ஓடு இறுகும்வரை அது வாழைத்தண்டைவிட மென்மையாக இருக்கும். கருப்பசாமி கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"சார், எம்புட்டு எறங்கிருக்குன்னு பாருங்க. அந்தக் கணக்குலதான் என் உசுரே இருக்கு."

பையைத் திறந்தேன். வடிநீர் இல்லை. முத்துலட்சுமி எனக்குக் குடிக்க ஒரு செம்பு கொண்டுவந்து வைத்திருந்தார்.

"இது என்ன தண்ணீர் அம்மா?"

"நல்ல தண்ணி சார். குடிக்கிற தண்ணிதான்."

நல்ல தண்ணீர். அதில் இரண்டு சொட்டு விட்டு, திருகைத் திருகி, பூச்சியம் வைத்தேன். அலுவலக நிதியைச் சிக்கனப்படுத்திய நிறைவுகூட எனக்கு ஏற்பட்டது. பிறகு குளத்தின் மேல் நீர், அடி நீர் இரண்டையும் எடுத்துக் கலக்கி அளந்தேன். கோடு ஐந்தில் நின்றது.

எட்டிலிருந்து ஐந்து! ஒரே மாலையில்! நான் தயங்கவில்லை. ஆழமான உப்புப் போரைத் திறந்து, கோடு மீண்டும் எட்டைத் தொடும்வரை குளத்துக்குள் விடச் சொன்னேன். மறுநாள் மதியம் வந்து, அதே செம்பில் பூச்சியம் வைத்து அளந்தேன். சரியாக எட்டு. கருப்பசாமி கையெடுத்துக் கும்பிட்டார். முத்துலட்சுமி மட்டும் விரலை நனைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கரிக்குது சார். மழைக்கு முன்னாடி இம்புட்டுக் கரிக்காது."

"கருவி எட்டு என்கிறது அம்மா."

"கருவி குடிச்சுப் பாக்கலையே சார்."

"முத்துலட்சுமி, நாக்கு ஆளுக்கு ஆள் மாறும். கருவி மாறாது." இவ்வாக்கியத்தை நான் சற்று உரத்த குரலிலேயே சொன்னதாக நினைவு. ஏனெனில் அடுத்த வயலில் வேலை செய்துகொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தனர்.

மூன்றாம் நாள் காலை வலைத்தட்டில் தீவனம் போட்டபடியே கிடந்தது. கரையோரம் மெத்தென்ற ஓட்டோடு இறால் செத்து ஒதுங்கியிருந்தது. உயிரோடிருந்தவற்றின் வால் சிவந்திருந்தது. குடல் வெறுமையாக இருந்தது. கடைசிக் கால்களின் அடியில் மெல்லிய ஊசி செலுத்தி இரத்தம் எடுத்தேன். இறாலின் இரத்தம் சிவப்பு அன்று. நீலச் சாயல் கொண்ட தெளிந்த நீர். கண்ணாடியில் ஒரு துளி விட்டால் நலமான இறாலுக்கு ஒரு நிமிடத்துக்குள் கூழாக உறையும். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். ஐந்து நிமிடம் ஆகியும் கண்ணாடியைச் சாய்த்தால் ஓடியது. பத்து இறாலில் எட்டுக்கு அப்படி.

உதவி இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தேன். வழக்கமான மெல்லிய குரல்.

"உவர்ப்பு எவ்வளவு?"

"எட்டு சார். இடையில் ஐந்துக்கு இறங்கிப் பிறகு..."

"சராசரி வரம்புக்குள் இருக்கிறது. அப்படியென்றால் நீரில் குறை இல்லை, நோய். நோய் என்றால் நடைமுறை உங்களுக்குத் தெரியும். குளோரின் போட்டுக் குளத்தை அழித்துவிட்டு, பதிவை நிறுத்திவைக்கப் பரிந்துரை செய்யுங்கள். நாளை மாலைக்குள் படிவம் வேண்டும்."

"ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி முடிவு வர ஒரு வாரம் ஆகும் சார்."

"ஆய்வகம் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளட்டும். படிவத்துக்கு இரண்டு நாள்தான்."

பக்கத்தில் நின்ற கருப்பசாமிக்குப் பேச்சு முழுவதும் கேட்டிருக்க வேண்டும். அவர் துண்டை எடுத்து உதறி, மறுபடி அதே தோளில் போட்டுக்கொண்டார். அழிப்பது என்றால், செத்ததும் சாகாததும் எல்லாம் சேர்த்துத்தான். பதிவும் போனால் அந்த ஒன்றரை ஏக்கரில் மறுபடி உப்பு மட்டுமே மிஞ்சும்.

முத்துலட்சுமி மோட்டார் அறைக்குள் போய் ஒரு பித்தளைத் தூக்குடன் வந்தார்.

"சார், மழைத் தண்ணியில உப்பு இருக்குமா?"

"இருக்காது."

"பருப்பு வேக வைக்கப் புடிச்சு வச்சது. இத ஒங்க கொழாயில ஊத்திப் பாருங்க."

"எதற்கு?"

"சும்மா பாருங்க சார். காசா பணமா?"

எரிச்சலோடுதான் விட்டேன். வெளிச்சத்தை நோக்கிக் குழலை உயர்த்தினேன். கோடு பூச்சியத்தில் நிற்கவில்லை. அதற்குக் கீழே, எண்களே இல்லாத இடத்தில் போய் நின்றது. ஒன்றுமில்லாததைவிடக் குறைவான உப்பு உலகத்தில் கிடையாது. கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். மூன்றாம் முறையும் பார்த்தேன். பிறகு அந்த மழைநீரிலேயே பூச்சியம் வைத்து, செம்புத் தண்ணீரை அளந்தேன். இரண்டு. குளத்தை அளந்தேன். பத்து.

ஆகவே மழைக்குப் பிறகு குளம் ஐந்துக்கு இறங்கவே இல்லை. எட்டிலிருந்து ஏழுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான். இறால் அதைப் பொருட்படுத்தியிருக்காது. ஓடு இறுகாமல் கிடந்த நேரத்தில், ஒரே நாளில் ஏழைப் பத்தாக்கியது மழை அன்று, கிருமி அன்று. பட்டம் பெற்ற நான். உப்பு ஏறியதில், குளத்தில் சும்மா கிடந்த விப்ரியோ என்ற கிருமிக்கும் வசதியாகிவிட்டது.

"நல்ல தண்ணீர் என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்களுக்கு நல்ல தண்ணி சார். ஒங்க கொழாய்க்கும் நல்ல தண்ணின்னு நான் சொன்னேனா?" என்றார் முத்துலட்சுமி.

கருப்பசாமி, "ஏய், சும்மா இரு, சாரு முன்னாடி" என்று அதட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப இது நோய் இல்லையா சார்?" என்றார்.

"நோய்தான். ஆனால் நோய்க்குக் கதவைத் திறந்தது நான்."

"அப்ப உடனே நல்ல தண்ணிய... மழைத் தண்ணிய விட்டு எறக்கிருவமா?"

"வேண்டாம். ஏற்றியது ஒரு அடி. உடனே இறக்கினால் அது இரண்டாவது அடி. தண்ணீரை யாரும் தொடக்கூடாது. நானும்தான்."

தீவனத்தைப் பாதியாக்கச் சொன்னேன். காற்றுச் சக்கரங்கள் நிற்காமல் ஓட வேண்டும், செத்ததை உடனுக்குடன் பொறுக்கிக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்றேன். சாவு நின்ற பிறகும் உப்பை நாளுக்கு ஆயிரத்துக்குக் கால் பங்குக்கு மேல் இறக்கக் கூடாது என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். பந்தல்குடி விலக்கில் லாரி நெரிசல். பஸ் வெகுநேரம் நின்றது. உதவி இயக்குநர் சொன்னபடி 'நோய்' என்று ஒரு சொல் எழுதினால் என் பெயருக்குக் கீறல் இல்லை. துறைக்கும் இல்லை. செத்த இறால் எதுவும் வாக்குமூலம் கொடுக்கப்போவதில்லை. முப்பது ஆண்டுகளில் என் கோப்பில் ஒரு சிவப்புக் கோடுகூட இருந்ததில்லை என்பதை நான் வீட்டில், உறவில், திருமண வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது: நெரிசல் தீரும்வரை நான் பேனாவைத் திறக்கவில்லை. நெரிசல் தீர்ந்து பஸ் நகர்ந்த பிறகே படிவத்தைத் திருப்பி, கட்டங்களே இல்லாத பின்பக்கத்தில் எழுதினேன். குடிநீரில் பூச்சியம் வைத்தது, அளவு இரண்டு குறைந்தது, என் ஆணையால் உப்பு ஏறியது, ஆகவே குளத்தை அழிக்கத் தேவையில்லை என்பது, எல்லாம்.

என் துணிச்சலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆதலால் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேரே தபால் பிரிவுக்குப் போய், முத்திரை குத்தி, உள்வரு எண் வாங்கிக்கொண்டேன். எங்கள் துறையில் மனிதன் சொன்னதை மாற்றலாம். உள்வரு எண் பெற்றதை ஆண்டவனும் மாற்ற முடியாது.

உதவி இயக்குநர் வழக்கம்போல் பின்பக்கத்திலிருந்து படித்தார். அன்று முதன்முறையாக அந்தப் பழக்கத்தால் பயன் விளைந்தது.

"இதை ஏன் எழுதினீர்கள்? 'கருவிக் கோளாறு' என்றாவது போட்டிருக்கலாம்."

"கருவி சரியாகவே இருக்கிறது சார். கோளாறு நான் வைத்த பூச்சியத்தில்."

"பூச்சியத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லையே."

"அதனால்தான் பின்பக்கம் எழுதினேன் சார்."

கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார், உள்வரு எண்ணைப் பார்த்தார், பேனாவை மூடிவைத்தார். "உங்கள் நற்பெயருக்காகத்தான் சொன்னேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன்.

குளம் அழிக்கப்படவில்லை. ஆறாம் நாள் சாவு நின்றது. ஒன்பதாம் நாள் எடுத்த இரத்தம் நிமிடத்துக்குள் உறைந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறால் போயிற்று. மீதி அறுவடை வரை நின்றது. எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. பதில் கொடுத்தேன். வடிநீர்ப் புட்டிகளும் வந்தன, ஒரு பெட்டி நிறைய, நான் இடமாற்றத்தில் கிளம்பிய அன்று. உப்பை மாற்றினால் இறால் நோயுறும். அலுவலரை மாற்றினால் என்ன ஆகும் என்று யாரும் இதுவரை ஆராயவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், வடிநீரே ஆனாலும், பூச்சியம் வைக்குமுன் இரண்டு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதைத் தூரத்தில் நின்று பார்த்த யாரோதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். நான் சுவைத்தது குளத்தை அன்று, பூச்சியத்தை. மறுப்பு இத்துடன் முடிந்தது என்றுதான் முதலில் எழுதி வைத்திருந்தேன்.

சென்ற வாரம் அந்த இரண்டு அலுவலர்களும் தங்கள் மிதக்கும் கருவியைக் காட்ட என்னைக் கருப்பசாமியின் பண்ணைக்கு அழைத்துச் சென்றனர். இப்போது அங்கே மூன்று குளங்கள். கருவியை இறக்குமுன் அதற்கும் பூச்சியம் வைக்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. பெட்டிக்குள் வடிநீர் இல்லை. இளையவர் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் கரையில் இருந்த குடிநீர்க் குடத்தில் போய் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை; எனக்கு அந்தத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

முத்துலட்சுமி மோட்டார் அறை அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து வந்தார். அதன்மேல் ஒட்டிய தாளில் அவருடைய கோணல் எழுத்தில், 'மழைத் தண்ணி. சைபருக்கு மட்டும். குடிக்கக் கூடாது' என்று இருந்தது.

"ஒவ்வொரு மழைக்கும் புதுசாப் புடிச்சு வச்சிருவேன் சார்" என்றார் என்னிடம்.

புட்டியைத் திறந்தார். கொடுப்பதற்கு முன் ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தம் நாக்கில் வைத்தார். ஒரு கணம் யோசித்தார். தலையை அசைத்து, புட்டியை அந்த இளைஞரிடம் நீட்டினார்.

ஆதலால் மலர்க்குழுவினருக்கு ஒரு திருத்தம். அந்த நாக்கு என்னுடையது அன்று. பெயரை உரியவருக்கு மாற்றிப் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.